ஹவுன்ஸ்லோக் கிளை

என் அண்ணைக்கு ஒரு வெள்ளைக்காரக் குடும்பப் பெயர் இருக்கிறது. எனக்கும் இருந்தது. கலியாணத்தோடு கழற்றிப் போட்டுவிட்டேன். அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. உலகத்தில் அதை வைத்திருப்பவர்கள் மிகச் சிலர். எழுதினால் யார் வீட்டுக் கதை என்று தேநீர் ஆறுவதற்குள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

யாழ்ப்பாணத்து வேதக்காரருக்கு, அதாவது கிறிஸ்தவர்களுக்கு, இப்படிப்பட்ட பெயர்கள் வந்த வழி ஒன்றும் பெரிய இரகசியமல்ல. அந்தக் காலத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒரு பெடியனை வைத்துச் சோறும் துணியும் கொடுத்துப் படிப்பிக்க, கடலுக்கு அப்பால் யாரோ ஒருவர் வருடாவருடம் காசு அனுப்புவார். நன்றிக்கடனாக அவர் சொன்ன பெயரைப் பெடியனுக்குச் சூட்டிவிடுவார்கள். முருகன் பெயரோடு உள்ளே போன எங்கள் பூட்டன், அதாவது எங்கள் அப்பாவுடைய அப்பாவின் தகப்பன், இங்கிலாந்துக்காரன் ஒருவனின் முழுப்பெயரோடு வெளியே வந்தார்.

அத்தோடு விட்டிருக்கலாம். தமிழருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பன் பெயர் பிள்ளையின் பெயருக்கு முன்னால் நிற்கும், பேரப்பிள்ளை பிறந்ததும் உதிர்ந்துவிடும். எத்தனையோ நல்ல தமிழ்ப் பெயர்களை அப்படித் தலைமுறைக்கொன்றாக உதிர்த்த எங்கள் சனம், இந்த ஒரு பெயரை மட்டும் நாலு தலைமுறையாக உதிரவிடாமல் ஒட்டி வைத்திருந்தது. காரணம் வெள்ளைத் தோலைத் தவிர வேறென்ன?

அண்ணையைக் கேட்டால் வேறு கதை சொல்வார். அவர் கதையில் ஒரு கோட்டை, நிறையக் குதிரைகள், பிள்ளையில்லாத ஒரு பிரபு. பூட்டனின் அறிவு கடல் கடந்து அந்தப் பிரபுவின் காதில் விழுந்ததாம். அவர் மனமுருகித் தன் பெயரையே எழுதிக் கொடுத்தாராம். பூட்டனுக்கு அப்போது எட்டு வயது. எட்டு வயதுப் பெடியனின் அறிவு எந்தக் கப்பலில் ஏறி இங்கிலாந்துக்குப் போனது என்று நான் பலமுறை கேட்டிருக்கிறேன். “உனக்கு எல்லாம் நக்கல்தான் பிள்ளை. எங்கட பேர் சும்மா பேர் இல்லை. லோர்ட் ஒருத்தற்ற பேர்,” என்பார் அண்ணை.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் அவருக்கு நெஞ்சில் ஒப்பரேஷன் நடந்தது. இலண்டனின் மேற்குப்புறத்தில், ஹவுன்ஸ்லோவில் இருக்கும் வீட்டுக்கு வந்து சாய்கதிரையில் கிடந்தவருக்கு ஒரு கடிதம் வந்தது. “அன்புள்ள உறவினருக்கு” என்று தொடங்கியிருந்தது. எழுதியவர் எங்கள் பெயர்க்காரர், ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர், அந்தப் பெயருக்கென்றே இருக்கும் ஒரு சங்கத்தின் தலைவர்.

இந்த நாட்டில் இப்படியொரு பொழுதுபோக்கு இருக்கிறது. அரிதான ஒரு குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பெயரில் பிறந்தவர், கட்டினவர், செத்தவர் எல்லோரையும் சேர்ச் ஏடுகளிலும் வாக்காளர் பட்டியலிலும் தேடித் தேடி எழுதி வைப்பார்கள். யார் மகன், யாரைக் கட்டினான், என்ன வேலை, எந்த ஊர். எங்கள் ஊரில் இதைச் செய்கிறவரைக் கலியாணத் தரகர் என்போம். இங்கே ஆய்வாளர் என்கிறார்கள்.

சங்கத்தில் ஆட்கள் குறைந்துகொண்டு போகிறார்களாம். பெயரே அழியும் நிலையில் இருக்கிறதாம். ஆகவே எல்லாக் கிளைகளையும் சேர்த்துக் கடைசியாக ஒரு புத்தகம் போடப் போகிறார்களாம். ஹவுன்ஸ்லோக் கிளையைப் பற்றி மட்டும் தகவல் போதாது, தயவுசெய்து கூட்டத்துக்கு வாருங்கள் என்று எழுதியிருந்தார். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் கட்டுகிறோம் என்று அந்த மனிதருக்குத் தெரியாது.

தெரிய வழியும் இல்லை. நாங்கள் வேதக்காரர், முதற்பெயர்களெல்லாம் பைபிளில் இருந்து எடுத்தவை. பட்டியலில் பார்த்தால் அண்ணையும் அவருடைய மகன்மாரும் எங்கள் ஒன்றுவிட்ட சகோதரர்களும் சுத்தமான வெள்ளைக்காரர்கள்.

அண்ணை அந்தக் கடிதத்தைச் சேர்ச்சுக்குக் கொண்டுபோய்க் காட்டினார். டொக்டருக்குக் காட்டினார். எனக்கு மூன்றுமுறை வாசித்தார். புதிதாக ஒரு கோட்டு வாங்கினார். “அந்தப் புத்தகத்தில எங்கட பேர் வரவேணும் பிள்ளை. அச்சில ஒருக்காப் பாத்திட்டனெண்டால் காணும், பிறகு நான் போனாலும் பரவாயில்லை,” என்றார். இப்படிப் பேசும்போது அவர் கண் கலங்கியது. எனக்குக் கோபம்தான் வந்தது. மூன்று பேரப்பிள்ளைகளைக் கண்டவர், நெஞ்சைப் பிளந்து தைத்துப் பிழைத்து வந்தவர். முகம் தெரியாத வெள்ளைக்காரரின் புத்தகத்தில் ஒரு வரி வந்தால்தான் பிறவிப் பயன் என்று இருந்தால் என்ன சொல்வது?

மகன்மார் வரமாட்டோம் என்றுவிட்டார்கள். தனியே ரயிலில் போக அவருக்கு ஏலாது. நான் கூட்டிக்கொண்டு போனேன். அன்பினால் போனேன் என்று சொல்லமாட்டேன். வேடிக்கை பார்க்கத்தான் போனேன்.

ஹவுன்ஸ்லோவிலிருந்து இலண்டனின் நடுவில் இருக்கும் ஹோபோர்ன் வரைக்கும் அவர் பெயரைச் சொல்லிப் பழகினார். எங்கள் வீட்டில் அந்தப் பெயரின் ஒவ்வொரு எழுத்தையும் காசு கொடுத்து வாங்கியது போல முழுதாக உச்சரிப்போம். தலைவரோ தொலைபேசியில் பதிந்துவிட்ட செய்தியில் பாதியை விழுங்கியிருக்கிறார். எழுபத்தாறு வயதில் அண்ணை தன்னுடைய சொந்தப் பெயரை விழுங்கப் பழகிக்கொண்டிருந்தார். எதிரில் இருந்த பெண் அவருக்குத் தொண்டையில் ஏதோ கோளாறு என்று நினைத்திருக்கவேண்டும்.

கூட்டம் ஒரு பப்பின் மேல்மாடியில். நாங்கள் வாசலில் போய் நின்று அண்ணை பெயரைச் சொன்னதும் தலைவர் சிரித்த முகத்தோடு எழுந்து வந்தார். வந்தவர் எங்களைப் பார்த்தார். பிறகு எங்களைத் தாண்டிப் படிக்கட்டை எட்டிப் பார்த்தார். பின்னால் யாரும் வரவில்லை. அண்ணை கையை நீட்டினார். “ஹவுன்ஸ்லோ,” என்றார்.

அந்த அறையின் மௌனத்தை நான் ஆசை தீர அனுபவித்தேன். ஒரு டசின் கிழவர்களும் கிழவிகளும் தேநீர்க் கோப்பையைப் பிடித்தபடி எங்களைப் பார்த்தார்கள். பிறகு, இந்த நாட்டு வழக்கப்படி, எல்லோரும் ஒரே நேரத்தில் மழையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.

சுவரில் இங்கிலாந்தின் வரைபடம். பெயர்க்காரர் இருக்கும் இடங்களில் சிவப்புக் குண்டூசி குத்தியிருந்தது. கிழக்குக் கரையோரச் சதுப்பு நிலத்தில் கொஞ்ச ஊசிகள், அதுதான் மூல ஊர். அங்கங்கே ஒன்றிரண்டு. ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில், எங்கள் ஹவுன்ஸ்லோவிலோ, ஊசிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. இதைப் பற்றிச் சங்கத்தின் சஞ்சிகையில் ஒரு கட்டுரையே வந்திருந்தது. சதுப்பு நிலத்துக் கூலிக் குடும்பம் ஒன்று தோட்ட வேலைக்காக இலண்டனின் மேற்குப்புறம் வந்து, பிறகு விமான நிலையம் கட்டும்போது அங்கேயே தங்கிப் பெருகியிருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். எழுதியவர் தலைவர்தான். கோழிக்கறியும் இடியப்பமுமாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றுகூடும் எங்கள் சனத்தை அவர் வாக்காளர் பட்டியலில் இருந்தே ஆங்கிலேயக் கூலிகளாகப் பார்த்திருக்கிறார். ஆராய்ச்சி என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும்!

ஆனால் அந்த மனிதரைக் குறை சொல்லமுடியாது. முதலில் தடுமாறினாலும் தன்னைத் தானே பார்த்துச் சிரித்தார். அந்தக் கட்டுரையை அடித்துவிடுவதாகச் சொன்னார். எங்களுக்கு நாற்காலி போட்டார். பெயரின் கதையையும் சொன்னார்.

நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக்கூடாது என்று எங்கள் ஆட்கள் சும்மா சொல்லவில்லை. எங்கள் பெயர் ஒரு பண்ணையின் பெயராம். அந்தப் பண்ணை அழிந்து பல நூற்றாண்டு ஆகிறது. பழைய ஆங்கிலத்தில் அதற்குப் ‘பன்றி புரளுகிற சேறு’ என்று பொருள். அண்ணை தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் அவர் காதில் தமிழில் சொன்னேன். “பண்டி பிரளுற சேறாம் அண்ணை.” “எனக்கு விளங்கினது,” என்றார் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு.

பிறகு பெரிய தாளில் வம்ச மரத்தை விரித்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் கீழே தொழில் எழுதியிருந்தது. கால்வாய் வெட்டுபவன், விலாங்கு பிடிப்பவன், பண்ணைக் கூலி, குதிரைலாயக்காரன். லாயக்காரனைக் கண்டதும் நான் அண்ணையைப் பார்த்தேன். கதையில் வந்த குதிரைகள் கடைசியில் கிடைத்துவிட்டன.

பக்கத்தில் இருந்த ஒரு அம்மா அண்ணையிடம் என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டார். “ஏர்லைன்ஸ்,” என்றார் அண்ணை. இந்தச் சொல்லை நாற்பது வருடமாகக் கேட்டு வருகிறேன். ஹீத்ரோவில் பயணிகள் இறங்கிப் போனபிறகு விமானத்துக்குள் ஏறி, சீட்டுக்கு இடையில் கிடக்கும் குப்பையைக் கூட்டி, கக்கூசைக் கழுவி, தலையணை உறை மாற்றுகிற வேலை. முப்பத்தொரு வருடம் செய்தார். அதில் வந்ததை ஊருக்கு அனுப்பித்தான் எங்களை ஆளாக்கினார். அதைச் சொல்ல என்ன வெட்கம்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற இந்தப் பழக்கத்தை நினைத்தாலே எனக்கு உடம்பு எரியும். அந்த அம்மா “பைலட்டா?” என்று கேட்டார். அண்ணை மறுக்காமல் கோட்டைச் சரிசெய்தார்.

பிறகு அவர் எழுந்து நின்று பிரபுவின் கதையைச் சொன்னார். கோட்டை, பூட்டன், எல்லாம். மரியாதையாகக் கேட்டார்கள். முடிந்ததும் தலைவர் மெதுவாகச் சொன்னார்.

“எங்களில் பிரபு யாரும் இருந்ததில்லை. பிரபுவின் வீட்டுக்குள் போனவர்கள் சிலர் உண்டு. ஆனால் அடுப்படி வாசலால் போனவர்கள்தான்.”

சொல்லிவிட்டு அப்படியே நின்றார். ஏதோ நினைவு வந்தது போல, “சிலோன் என்றா சொன்னீர்கள்?” என்று கேட்டார். மூலையில் இருந்த அட்டைப்பெட்டிகளைக் கிளறி ஒரு கடதாசி உறையை எடுத்து வந்தார். அதற்குள் மூன்று கடிதங்களின் பிரதிகள் இருந்தன. பல வருடங்களாக எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் தனியாக வைத்திருந்த கடிதங்கள். எங்கள் பெயருடைய ஒரு பெண், இலண்டனில் ஒரு வீட்டில் வேலைக்காரியாக இருந்தவள், மிஷனுக்கு எழுதியவை.

அவளுக்குக் கலியாணம் நடக்கவில்லை. ஒரு பிள்ளை இருந்தது. தகப்பன் பெயர் எங்கும் இல்லை, அதனால் பிள்ளைக்கு அவளுடைய குடும்பப் பெயர். ஆறு வயதில் பிள்ளை காய்ச்சலில் செத்துப்போனது. அதற்குப் பிறகு அவள் தன் சம்பளத்தில் மிச்சம் பிடித்து மிஷனுக்கு அனுப்பத் தொடங்கினாள். சிலோனில் ஒரு பையனைப் படிப்பியுங்கள், என் மகனின் பெயரை முழுதாக அவனுக்கு வையுங்கள் என்று கேட்டாள். தலைவர் அந்தப் பிள்ளையின் முழுப்பெயரை வாசித்தார். அது எங்கள் பூட்டனின் பெயர். ஒரு எழுத்து மாறவில்லை.

மூன்று கடிதங்களிலும் அவள் ஒன்றைத்தான் கேட்டிருந்தாள். பையன் இப்போது எழுதுகிறானா? தன் பெயரைத் தன் கையால் ஒரு தாளில் எழுதி அனுப்புவானா? வேறொன்றும் வேண்டாம், அந்தப் பெயரைப் பார்த்தால் போதும்.

“பதில் போனதா என்று தெரியவில்லை. உங்கள் வீட்டில் ஏதாவது கடிதம் உண்டா?” என்று தலைவர் கேட்டார். இல்லை. அப்படியொருத்தி இருந்தாள் என்பதே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

இத்தனை நேரமும் சிரித்துக்கொண்டிருந்த எனக்கு அதற்குமேல் சிரிப்பு வரவில்லை. தலைவர் மரத்தில் விரல் வைத்துக் காட்டினார். அவளுடைய பெயர் இருந்தது. அதற்குக் கீழே வெறுமை. முதலில் இந்த மரத்தை எழுதியவர் ஒரு பாதிரியார், தகப்பனில்லாத பிள்ளைகளை அவர் சேர்க்கவில்லை. “இதைத் திருத்தலாம்,” என்றார் தலைவர். “அவளுக்குக் கீழே மகனை எழுதுவோம். மகனின் பெயரைப் பெற்றவர் என்று உங்கள் பூட்டனை அதற்குக் கீழே எழுதுவோம். அங்கிருந்து நீங்கள், உங்கள் பிள்ளைகள். இரத்த உறவு இல்லைத்தான். ஆனால் எங்களுடைய பாதிக் கிளைகளைவிட இதற்கு ஆதாரம் இருக்கிறது.” ஒரு படிவத்தை எடுத்து அண்ணையின் முன்னால் வைத்தார். விவரங்களை நிரப்பிக் கையெழுத்து வைத்தால் புத்தகத்தில் வரும்.

அண்ணை கேட்டது கிடைத்துவிட்டது. புத்தகத்தின் கடைசியில் ஒரு அநுபந்தத்தில் அல்ல, மரத்திலேயே இடம். அவர் படிவத்தைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, தமிழில், “வேலைக்காரியோ?” என்றார்.

“ஓம்,” என்றேன்.

“அதுவும் அப்பன் பேர் தெரியாத பிள்ளையோ? இதையோ புத்தகத்தில போடப்போகினம்? சேர்ச்சில ஆரும் வாசிச்சால்?” எழுந்து கோட்டுப் பொத்தானைப் பூட்டினார். தலைவரிடம், யோசித்துச் சொல்கிறேன், மிக்க நன்றி, என்று ஆங்கிலத்தில் சொன்னார். அதே விழுங்கிய உச்சரிப்பில் பெயரைச் சொல்லி விடைபெற்றார். தலைவர் படிவத்தை மடித்து அவர் கையில் வைத்தார்.

ரயிலில் இடம் கிடைத்து இருந்ததும் நான் வெடித்தேன்.

“அவளைச் சொல்ல உங்களுக்கு என்ன தகுதி இருக்கு அண்ணை? அவள் ஆற்றையோ வீட்டைக் கூட்டி, கண்டறியாத ஒரு பிள்ளையைப் படிப்பிச்சவள். நீங்கள் பிளேன் கூட்டி எங்களைப் படிப்பிச்சனீங்கள். ரெண்டும் ஒண்டுதான். உங்களுக்கு லோர்ட்தான் வேணும். வாழ்நாள் முழுக்க ஏர்லைன்ஸ், ஏர்லைன்ஸ் எண்டு பொய். வெக்கமில்லையோ?”

நாற்பது வருடம் அடக்கி வைத்திருந்தது. சுற்றி இருந்தவர்களுக்கு மொழி தெரியாவிட்டாலும் விஷயம் தெரிந்திருக்கும்.

“ஏர்லைன்ஸ் எண்டு முதல் சொன்னது நானில்லை,” என்றார் அண்ணை. “உனக்குக் கலியாணம் பேசேக்க நீ எனக்குக் கடிதம் போட்டனி. மாப்பிள்ளை எஞ்சினியர், அவையள் பெரிய ஆக்கள், அண்ணை என்ன செய்யிறார் எண்டு கேக்கினம், கூட்டுறனெண்டு மட்டும் ஆருக்கும் எழுதிப் போடாதேங்கோ, ஏர்லைன்ஸ் எண்டு சொல்லுங்கோ எண்டு. பிறகு நீ இஞ்சை வந்தாப் பிறகும் உன்ர வீட்டாக்களுக்கு முன்னால எப்பிடி மாத்திச் சொல்லுறது? அப்பிடியே பழகிப்போச்சுது.”

நான் அதை மறந்துவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. மறக்கவில்லை. என்ன மையில் எழுதினேன் என்பதுகூட நினைவிருக்கிறது. என் கணவர் குடும்பம் இன்றைக்கும் அண்ணையை ஒரு விமானக் கம்பனி அதிகாரி என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறது. அவர்களுக்கு முன்னால் நான் ஒருநாளும் அவரை நக்கலடித்ததில்லை. நக்கலெல்லாம் எங்கள் வீட்டுக்குள்தான்.

“எனக்கு அந்த வேலையில வெக்கமில்லை பிள்ளை,” என்றார். “செய்யேக்க நல்லாத்தான் செய்தனான். உங்களுக்குத்தான் வெக்கமெண்டு நினைச்சனான்.”

ரயில் நிலத்துக்கு மேலே வந்துவிட்டது. ஓரிரு நிலையங்கள் போயின. அண்ணை கோட்டுப் பையிலிருந்து படிவத்தை எடுத்து விரித்தார். பேனை இருக்கிறதா என்று கேட்டார். கொடுத்தேன். யாரோ விட்டுப்போன பத்திரிகையை மடியில் வைத்து, அதன்மேல் படிவத்தை வைத்து, பெரிய எழுத்தில் தன் பெயரை எழுதினார். ரயில் ஆடும்போதெல்லாம் கையைத் தூக்கி, நின்றபிறகு எழுதினார். தொழில் என்ற இடத்தில் விமானத் துப்புரவாளர் என்று ஆங்கிலத்தில் எழுதினார். ‘துப்புரவாளர்’ என்ற சொல்லின் எழுத்துகள் சரியா என்று என்னிடம் கேட்டார். சரி என்றேன்.

மனைவி பெயர், பிள்ளைகள் பெயர், பேரப்பிள்ளைகள் பெயர் என்று வரிசையாக நிரப்பினார். கடைசியில் ஒரு வரி இருந்தது. இந்தக் குடும்பப் பெயரைக் கொண்ட உடன்பிறந்தோர். எங்கள் வீட்டில் உயிரோடு இருப்பது நாங்கள் இரண்டு பேரும்தான். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘இல்லை’ என்று எழுதினார்.

“அண்ணை, நான் இருக்கிறனே,” என்றேன்.

“நீ இந்தப் பேரை விட்டுட்டாய்தானே, பிள்ளை,” என்றார் அவர்.

கோபித்துச் சொல்லவில்லை. அவர் பேனையைத் திருப்பித் தந்துவிட்டு, அடுத்தது எங்கள் நிலையம் என்று எழும்பினார்.